ஒரு ஜோடி செருப்பு மிச்சம்

வேதகிரிக்கு வாய் கெட்டது. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கரண்ட் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அடுத்ததாகச் செருப்பு விஷயத்தைச் சொல்வார்கள். அதற்குமேல் அவரைப் பற்றி வெளியாட்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அவரும் விட்டதில்லை.

ஏழாவதோடு படிப்பு நின்றது. அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். வேதகிரி பதினெட்டு வயதில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து சிமெண்டுக் கம்பம் தூக்கினார். தோளில் காய்ப்புக் காய்த்த பிறகு ஹெல்பர் ஆக்கினார்கள், அப்புறம் வயர்மேன், கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர். பதவி பெரிதாகக் கேட்டாலும் வேலை அதேதான். மழையில் நனைவது, மரம் வெட்டுவது, திட்டு வாங்குவது. கூடுதலாக ஒரே ஒரு பொறுப்பு. பெரிய லைனில் வேலை என்றால் கரண்டை நிறுத்தச் சொல்லி அவர் பெயரில் அனுமதி வாங்குவார்கள். வேலை முடிந்து, ஆட்கள் எல்லோரும் இறங்கி, அவர் போனில் 'குடுங்க' என்று சொன்னால்தான் திரும்பக் கரண்ட் போடுவார்கள். எப்பேர்ப்பட்ட ஆபீசர் கேட்டாலும் அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராமல் லைனில் உயிர் வராது.

அந்தச் சொல்லின் பாரம் அவருக்கு ஜான் செத்த அன்றைக்குத் தெரிந்தது. ஜானும் அவரும் ஒன்றாகக் கம்பம் தூக்கியவர்கள். திருமுக்கூடல் பக்கம் ஒரு வேலையில், எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து அப்போதிருந்த மேஸ்திரி லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜான் மேலே இருந்தான். கம்பத்தடியில் அவன் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவன் பெண்சாதி மார்த்தாளிடம் கொடுத்தது வேதகிரிதான். அவள் செருப்பை வாங்கிக்கொண்டு, ஆள் எங்கே என்று வழியைப் பார்த்தாள்.

தான் பொறுப்புக்கு வந்தபோது வேதகிரி ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். மழைக்காலத்தில் வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். ஏறப்போகிறவன் தன் செருப்பை வண்டியின் பின்பலகையில் அவர் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்தால் அவனே வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஒருவன் செருப்பை இன்னொருவன் எடுத்துக் கொடுத்தால் அறை விழும். பலகை காலியானால்தான் போனை எடுப்பார். புதிதாக வந்த பையன்கள் சிரித்தார்கள். சிரித்தவன் செருப்பைத் தூக்கி வயலில் எறிந்தார். சிரிப்பு நின்றது.

அவர் கும்பலில் செங்கேணி பழைய ஆள். டேனியல் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் கேங்மேனாக வந்தவன். கல்யாணம் ஆகாதவன், ஒல்லி, கம்பத்தில் ஓணான் மாதிரி ஏறுவான். அவனுக்கு நிஞ்சா என்று பெயர். ஜப்பான்காரன் படக்கதைப் புத்தகங்களை மெட்ராஸில் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படிப்பான். மூஞ்சியை மூடிக்கொண்டு கூரை மேல் ஓடுகிற நிஞ்சா ஒற்றர்களின் கதை. புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டுமாம். செங்கேணி அதை வைத்தே அவனை வறுத்தெடுப்பான்.

"சம்பளச் சீட்டயும் இப்டிதான் பின்னாலேந்து படிப்பியாடா? அதான் மாசக் கடேசில பேய் அறைஞ்சா மாதிரி கீற."

ஒரு நாள் டேனியல் ஒரு கதையைச் சொல்லி எல்லோரையும் கேட்டான். நான்கு நிஞ்சாக்கள் ஒரு கோட்டைக்கு மருந்து கொண்டுபோகிறார்கள். வழியில் ஒருவன் கால் ஒடிந்து விழுகிறான். தூக்கிக்கொண்டு போனால் மருந்து நேரத்துக்குப் போய்ச் சேராது. விட்டுவிட்டுப் போனால் எதிராளி அவனை வெட்டிப்போடுவான். தலைவன் என்ன செய்ய வேண்டும்? செங்கேணி, தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றான். அப்படிச் செய்தால் கோட்டையில் இருக்கிறவன் சாவானே என்றான் டேனியல். பேச்சு வளர்ந்தது. வேதகிரி சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நாலு பேர அந்த வழியா அனுப்பிட்டு எவனோ ஒருத்தன் குந்தினு இருந்தான் பாரு, மொதல்ல அவனக் கேளு."

"அது கதையில இல்லணா."

"அப்ப அது கதையே இல்ல. மூடி வச்சிட்டு ஏணிய எடு."

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. பாலாற்றில் தண்ணீர் வந்து சாலை துண்டாகிப் போனது. ஏரிகள் நிரம்பி மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்தது. வயல்களுக்கு நடுவே கம்பங்கள் சாய்ந்து, பனைமட்டைகள் கம்பிகளில் தொங்கின. மூன்றாம் நாள் காலையில் என்ஜினீயர் கல்பனா, எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்று வேதகிரியிடம் சொன்னார். கலங்கல் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே ராஜாராம் என்று ஒரு பெரியவர், நுரையீரல் கெட்டுப் போனவர், வீட்டில் ஆக்சிஜன் மிஷினை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறவர். இன்வெர்ட்டர் அணைந்துவிட்டது. கையில் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர்.

ராஜாராமை வேதகிரிக்குத் தெரியாமல் இல்லை. அவர் நிலத்தில்தான் அப்பா ஏர் ஓட்டினார். அந்த வீட்டில் லைன் வேலைக்குப் போனால் இன்றைக்கும் தண்ணீர் சொம்பில் வராது, பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். குடித்துவிட்டு பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய்விட வேண்டும். வேதகிரி அந்த வீட்டில் தண்ணீரே கேட்பதில்லை.

கும்பல் வேலையைத் தொடங்கியபோது ராஜாராமின் மகன் வெங்கடேசன் டிராக்டரோடு அங்கே வந்து நின்றான். அப்பாவை டிராக்டரில் கட்டிலோடு ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடலாமா, இல்லை கரண்ட் வந்துவிடுமா என்று கேட்டான். வழியில் மரங்கள் கிடந்தன. தூக்கிப் போட்டு ஆட்டிக்கொண்டு போனால் பெரியவர் தாங்குவாரா என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது.

வேதகிரி லைனை ஒரு பார்வை பார்த்தார். சாய்ந்த கம்பம் இத்தனை, அறுந்த கம்பி இத்தனை என்று மனசுக்குள் ஓட்டினார். அவருக்கு வேலையில் தப்புக் கணக்கு வந்ததில்லை.

"பெரியவர ஆட்ட வேணாங்க. மூணு மணிக்குக் கரண்ட் வந்துரும்."

வெங்கடேசன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

இடுப்பளவு சேற்றில் அன்றைக்கு அவர்கள் செய்த வேலையைக் கண்ணால் பார்த்தவன் மறக்க மாட்டான். கம்பத்தைக் கயிறு கட்டி நிமிர்த்தி, கல் அடைத்து, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டே போனார்கள். காலையில் டீ குடித்ததோடு சரி, நாஷ்டா கிடையாது. வாய்க்காலுக்கு அப்பால், பனந்தோப்பு மறைவில், கடைசி கொஞ்சம் கம்பங்கள் இருந்தன. வண்டி நின்ற இடத்திலிருந்து அவை கண்ணுக்குத் தெரியாது. அங்கே போனவன் டேனியல். மற்றவர்கள் இந்தப் பக்கம் முடித்துக்கொண்டு வரவும் மூன்று மணி ஆகவும் சரியாக இருந்தது.

ஒவ்வொருவனாக வந்து செருப்பை மாட்டினான். பலகையில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. நீல வாரு வைத்த ரப்பர் செருப்பு.

வேதகிரி டேனியலுக்குப் போன் போட்டார். அணைந்திருந்தது. இரண்டு நாளாகச் சார்ஜ் போட வழியில்லாமல் கும்பலில் பாதிப் பேர் போன் இப்படித்தான் கிடந்தது. விசில் அடித்துப் பார்த்தார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. செங்கேணியைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். வாய்க்காலில் வெள்ளம், சுற்றிக்கொண்டு கலங்கல் மேட்டு வழியாகத்தான் போக வேண்டும். செங்கேணி ஓடினான்.

டேனியல் போன பக்கம்தான் ஊருக்குப் போகிற பக்கம். அவன் இருக்கும் கம்பங்களை நடுவில் பிரித்துவிட்டு ஊருக்கு மட்டும் கரண்ட் விட வழியில்லை. இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வேதகிரி பலகையில் உட்கார்ந்தார்.

கல்பனா போன் செய்தார். வேலை முடிந்தது, ஆள் ஒன்று குறைகிறது என்றார் வேதகிரி. பிறகு கல்பனா சொன்னார்:

"சிலிண்டர் தீரப்போகுதுன்னு அவங்க வீட்லேருந்து போன் மேல போன் வருது. நான் உங்கள அவசரப்படுத்தலண்ணே. லைன் உங்க பேர்ல இருக்கு. நீங்க சொன்னாதான் போடுவேன்."

"இருங்க மேடம்."

வெங்கடேசன் பைக்கில் வந்தான். சேற்றில் இரண்டு முறை விழுந்திருப்பான் போல, சட்டை முழுக்கச் சேறு. வந்தவன் கும்பலைப் பார்த்தான், நிமிர்ந்து நிற்கும் கம்பங்களைப் பார்த்தான், மேலே யாரும் இல்லாததைப் பார்த்தான். ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டான். வேதகிரி சொன்னார்.

"வர்ற வழியில ஒரு கம்பத்துலயும் ஆளு இல்லியே. நான்தான் பாத்துக்கினே வந்தேனே."

"நீங்க ரோட்டு மேல வந்தீங்க. லைனு பனந்தோப்பு உள்ள பூந்து வருது."

"எங்கியாவது ஒதுங்கி பீடி புடிச்சிக்கினு இருப்பான்யா."

"இருப்பான். இல்லன்னா மேல இருப்பான்."

வெங்கடேசன் அவர் அருகே வந்தான். குரல் இறங்கிவிட்டது. அப்பாவின் உதடு நீலமாகிவிட்டதாகச் சொன்னான். சிலிண்டர் முள் அடியில் படுத்துவிட்டதாகச் சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டான். அந்த வீட்டு ஆள் ஒருவன் தன்னைக் கும்பிடுவதை வேதகிரி அதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்காமல் கம்பிப் பக்கம் திரும்பினார்.

"மூணு மணின்னு நீதான சொன்ன. உன் பேச்ச நம்பித்தான டிராக்டர திருப்புனேன்."

சொன்னது உண்மை. அவர் வாய் விடாமல் இருந்திருந்தால் இந்நேரம் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருப்பார், இல்லை வழியில் செத்திருப்பார். எப்படியானாலும் அது இவர் தலையில் வந்திருக்காது.

"போட்டுருய்யா. அவனுக்கு ஒண்ணும் ஆவாது. அப்டி எதுனா ஆயிட்டா, அவன் குடும்பத்த நான் பாத்துக்கறேன்."

கும்பல் முழுக்க வேதகிரியைப் பார்த்தது. ஒவ்வொருவனும் தன்னுடைய செருப்பு அங்கே இருப்பதாக நினைத்துப் பார்த்தான் என்று செங்கேணியின் கூட்டாளி ஒருவன் பிற்பாடு சொன்னான்.

"மேல இல்லன்னு எனக்குத் தெரியணும்" என்றார் வேதகிரி. "தெரியாம குடுக்க மாட்டேன். நீங்க போய் உங்க அப்பா பக்கத்துல இருங்க."

வெங்கடேசன் அவர் சட்டையைப் பிடித்தான். வேதகிரி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிறகு அவனுக்குப் போன் வந்தது. எடுத்துக் கேட்டான். சட்டையை விட்டுவிட்டு, பைக்கைக்கூட எடுக்காமல், ரோட்டில் நடக்க ஆரம்பித்தான்.

அதற்கப்புறம்தான் கலங்கல் மேட்டில் இரண்டு தலை தெரிந்தது. முன்னால் செங்கேணி, பின்னால் டேனியல். கடைசிக் கம்பத்தை முடித்துவிட்டு இறங்கிய டேனியலுக்கு எதிரிலேயே காலனி தெரிந்திருக்கிறது. அவன் அக்கா சுகிர்தாவைக் கட்டிக்கொடுத்த இடம். வீடு நிற்கிறதா என்று பார்க்கப் போனான். நின்றது. அவள் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சூடாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டான். மற்றவர்கள் முடிக்க இன்னும் நேரமாகும், அதற்குள் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறான். சேற்றில் செருப்பு எதற்கு என்று, பலகையில் விட்டுவந்த ஜோடியைப் பற்றி நினைக்கவே இல்லை.

வேதகிரி அவனை அறைந்தார். ஒன்றோடு நிறுத்தினார். பிறகு போனை எடுத்தார்.

"குடுங்க."

ஊரில் விளக்குகள் எரிந்தன. ராஜாராம் வீட்டில் யாரும் சுவிட்சை அணைத்து வைக்கவில்லை. கட்டில் பக்கத்தில் இருந்த மிஷின் தானாக ஓட ஆரம்பித்தது. செத்தவரின் மூக்கில் இருந்த குழாயில் காற்று வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை என்று அந்த வீட்டில் வேலை செய்யும் எல்லம்மாள் வந்து சொன்னாள்.

விசாரணை நடந்தது. கல்பனா தன் அறிக்கையில் வேதகிரி விதிப்படிதான் நடந்தார் என்று எழுதினார். மெமோ கூட வரவில்லை. ஆபீசைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. ஊரைப் பொறுத்தவரை அப்படி முடியுமா? தன் ஆள் என்பதால் காத்திருந்தான் என்றார்கள். அப்பன் ஏர் ஓட்டின கணக்கைத் தீர்த்துக்கொண்டான் என்றார்கள். இதை மட்டும் வேதகிரியால் காதில் வாங்கிவிட்டு உதற முடியவில்லை. கட்டிலில் காலனி ஆள் ஒருவன் கிடந்து, கம்பத்தில் வெங்கடேசன் வீட்டுப் பிள்ளை இருந்திருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். இதையேதான் செய்திருப்பேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. பதில் அவ்வளவு சுருக்காக வருவதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வருஷம் ராஜாராம் வீட்டு நடவுக்கு வேதகிரியின் பெண்சாதி மலர்க்கொடியைக் கூப்பிடவில்லை. அவளோடு போகும் பெண்களையும் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்தார்கள். மலர்க்கொடி அவரைக் குற்றம் சொல்லவில்லை.

"நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லல. ஆனா என்கூட வந்தவளுங்க இன்னா பண்ணாளுங்க? காலைல கொழாயடில அவளுங்க மூஞ்சிய நான்தான பாக்கணும்."

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள், வெங்கடேசன் வெளியே போன நேரமாகப் பார்த்து வேதகிரி அந்த வீட்டுக்குப் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. ராஜாராமின் மனைவி சுலோச்சனா உள்ளிருந்து வந்து கதவை ஒட்டி நின்றார்.

"அந்தப் பையன் கீழ எறங்கிட்டான்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேம்மா."

"தெரியாததால குடுக்கல."

"ஆமாம்மா."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார்.

"எம்புள்ளைக்கு இது புரியாது. எனக்குப் புரியுது. நானும் புள்ள பெத்தவதான்." கதவைப் பிடித்துக்கொண்டு, "அவரு கடேசியா கடியாரத்தத்தான் பாத்துக்கினு இருந்தாரு. மூணாச்சான்னு கேட்டாரு. அத்த மட்டும் என்னால மறக்க முடியல. நீ இனிமே இந்த வாசலுக்கு வராத வேதகிரி" என்றார்.

கோபமில்லாமல் சொன்னார். வேதகிரி சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

டேனியல் விஷயம் வேறு மாதிரி போனது. அறை வாங்கியதை அவன் மனசில் வைக்கவில்லை. ஆனால் ஊர் அவனைச் சோறு தின்று ஆளைக் கொன்றவன் என்றது. சுகிர்தா மளிகைக் கடைக்குப் போனால் பொருளை எடுத்து வைத்துவிட்டுக் கடைக்காரன் உள்ளே போய்விடுகிறான். டேனியல் சாப்பாட்டு வேளையில் தனியாக உட்கார ஆரம்பித்தான். புத்தகம் கொண்டுவருவது நின்றது. மாசியில் ஒரு நாள் வேதகிரியிடம் வந்து, வாலாஜாபாத் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சொல்லிவிட்டும் நகராமல் நின்றான்.

"நீங்க குடுத்திருக்கலாம்ணா. நான்தான் மேல இல்லியே."

வேதகிரி அவனை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"இருந்திருந்தா?"

"இருந்திருந்தா போயிருப்பேன். ஒரே நாள். இப்ப தெனம் தெனம் உசுரு போவுது."

கெட்ட வாய்க்காரர் என்று பெயரெடுத்தவருக்கு அந்த வருஷம் பதில் சொல்ல முடியாமல் போனது அதிகம். டேனியல் மாற்றலில் போனான். போன பிறகு ஒரு போன் இல்லை. வாலாஜாபாத் சந்தையில் செங்கேணி ஒருமுறை அவனைப் பார்த்தான். பேசாமல் கூட்டத்துக்குள் போய்விட்டானாம்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி காற்று அடித்தது. முந்தைய வருஷம் அளவுக்கு இல்லை. ஐயங்கார்குளம் போகிற பக்கம் ஒரு ஊரில் இரண்டு கம்பம் சாய்ந்தது. எல்லாம் ரோட்டோரக் கம்பங்கள், நின்ற இடத்திலிருந்தே கடைசிவரை தெரியும். அங்கே யார் உயிரும் ஊசலாடவில்லை. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. ஆட்கள் வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். பலகை காலியாக இருந்தது.

வேதகிரி போனை எடுத்தார். கல்பனா, போடலாமா அண்ணே என்று கேட்டார்.

வேதகிரி வண்டியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். செங்கேணி, எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொன்னான். அவர் வாய் திறந்தது, சொல் வரவில்லை. கல்பனா அந்தப் பக்கம் அலோ, அலோ என்றார்.

"இருங்க மேடம்" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லைன் போகிற வழியில் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தார். கம்பத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். அடுத்ததற்குப் போனார்.

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். கரண்ட் ஏன் வரவில்லை என்று ஒரு கிழவர் செங்கேணியிடம் கேட்டார். ஆள் யாராவது மேலே இருக்கிறார்களா என்றார்.

"இல்ல தாத்தா. எல்லாம் எறங்கியாச்சு."

"அப்பால அந்த ஆளு இன்னாத்த தேடிக்கினு போறாரு?"

செங்கேணி பீடியைப் பற்றவைத்தான். தூரத்தில் வேதகிரி இன்னொரு கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. ஊர் கரண்ட் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது.